பாளை வெடிக்கும் வரை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
8 ஆகஸ்டு 2603

மருமகள் தனலெட்சுமிக்கு மாமன் ரெங்கசாமி எழுதிக்கொண்டது. மேலே போட்ட வருஷத்தைப் பார்த்து, மாமன் அறுநூறு வருஷம் தூங்கி எழுந்துவிட்டான் என்று நினைக்காதே. ஜப்பான்காரன் கணக்கில் இது 2603. நம்முடைய நாற்பத்து மூன்றுதான். ஆபீசில் இப்படித்தான் போட வேண்டும் என்று உத்தரவு, கையும் பழகிப்போயிற்று.

சேதி சொல்ல நான் வந்த அன்று கிள்ளான் ஸ்டேஷனில் நீ என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாய். என் அக்காள் மகள் அல்லவா, ரோஷம் எங்கே போகும்? மாப்பிள்ளை நாகையாவை சயாம் ரயில் வேலைக்கு லோரியில் ஏற்றிக்கொண்டு போய் இரண்டு மாதம் ஆகிறது. நீ கவலைப்படாதே. சயாமில் அவரைத் தண்டவாளம் தூக்க விடவில்லையாம். செடி கொடி தெரிந்தவர் என்று கேள்விப்பட்டு, ஆபீசர்களின் காய்கறித் தோட்டத்துக்குத் தலைவராகப் போட்டிருக்கிறார்களாம். தனிக் குடிசை, தனிச் சமையல்காரன். எனக்கு மேலிடத்திலிருந்தே சேதி வந்தது.

இங்கே பனைத் தோட்டம் முழுக்க இப்போது என் கையில். துரையைச் சிறையில் போட்டபின் கங்காணி நான்தான் துரை. உலகத்தில் எத்தனை தேசம் உண்டோ அத்தனை தேசத்துப் பனையும் என்னைப் பார்த்துத்தான் ஓலை அசைக்கிறது. போன வாரம் ஒரு ஆபீசர் வந்து, பனைகளை வெட்டிவிட்டு மரவள்ளி போடு என்றான். மாப்பிள்ளை வளர்த்த மலைப்பனை ஜோடியில் பெண் மரத்தின் பக்கம் ஆட்கள் கோடாரியோடு போனார்கள். நான் முந்தின நாளே யோசனை பண்ணிவிட்டேன். மரத்துக்கு மஞ்சள் பூசி, சிவப்புத் துணி சுற்றி, மண் கிளறும் முள்கரண்டியைத் தலைகீழாக நட்டு, அதற்குக் குங்குமமும் வைத்துவிட்டேன். அசல் சூலம். “துவான், இதுல முனீஸ்வரன் குடியிருக்காரு. வெட்டினவன் வீட்டுல விளக்கு எரியாது” என்று மலாயில் எடுத்துவிட்டேன். ஆபீசர் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டான். கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

அந்த மரம் காய்த்திருக்கிறது, தனம். ஏணி வைத்து ஏறி, ஆண் மரத்தின் பூந்தூளை பிரஷ்ஷால் தடவியது யார் என்று நினைக்கிறாய்? சாட்சாத் உன் மாமன்.

சந்திரகலாவுக்கு முத்தம்.

மாமன் ரெங்கசாமி


கிள்ளான்
2 செப்டம்பர் 1943

மாமாவுக்கு,

கௌஸ் பாய் உங்கள் கடிதத்தைக் கொண்டு வந்து கொடுத்தார். கரி போட்டு ஓட்டுகிற அவருடைய லோரி வாரம் ஒரு தரம் கோலாலம்பூர் போகிறதாம். பதில் இருந்தால் கொடு என்றார். இல்லை என்று அனுப்பிவிட்டேன். அடுத்த தடவை வந்தபோது மறுபடி கேட்டார். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் ஏணியில் ஏறினீர்களா? என் கல்யாணத்தில் பந்தலுக்குத் தோரணம் கட்ட மூன்று படி ஏறிவிட்டுத் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தவர் நீங்கள். அந்த மரத்தில் யார் ஏறியிருப்பார் என்று எனக்குத் தெரியாதா?

ஆள் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே நான் ரயில் ஏறி அங்கே வந்தேன். உங்கள் முன்னால்தான் கேட்டேன். கிள்ளானுக்கு வந்து எங்காவது ஒளிந்துகொள்ளுங்கள், பக்கத்து வீட்டுக் காத்தூன் பீவியின் கொட்டகை காலியாக இருக்கிறது என்றேன். அவர் சொன்னது உங்கள் காதிலும் விழுந்தது. “பாளை வெடிச்சதும் வந்துர்றேன் தனம். எனக்கு மீசை முளைச்ச காலத்துல நட்டது, இப்பத்தான் முதல் பூ. நான் இல்லன்னா வீணாப் போயிடும்.” நீங்கள் பக்கத்தில் நின்று தலையாட்டினீர்கள். போ என்று ஒரு வார்த்தை நீங்கள் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்.

அவருக்கு அந்த மரம் பெரிதாக இருந்தது. இருக்கட்டும். எனக்கு அதன் பெருமை வேண்டாம். காய்த்தது, பூத்தது என்று இனி எழுதாதீர்கள். அவரைப் பற்றிச் சேதி இருந்தால் மட்டும் எழுதுங்கள். அதையும் சமையல்காரன் இல்லாமல் எழுதுங்கள். நீங்கள் சொல்வதில் எதை எடுப்பது, எதைத் தள்ளுவது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் தள்ளினால் அவரும் சேர்ந்து போய்விடுகிறார்.

அத்தை இராஜம்மா மகன் போனதிலிருந்து வாசலிலேயே இருக்கிறார். குழந்தைக்கு அரிசிக் கஞ்சி வாரத்தில் ஒரு நாள். மற்ற நாள் மரவள்ளி.

தனலெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
16 ஜனவரி 2604

மருமகளுக்கு,

நீ எழுதாதே என்றாய். நானும் நாலு மாதம் எழுதாமல் இருந்தேன். மலாய் நாட்டில் இந்த ரெங்கசாமி நாலு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தான் என்று சொன்னால் கவர்னரே நம்பமாட்டார். இப்போது எழுதியே ஆகவேண்டும்.

ஆண் மரம் போய்விட்டது. வெட்டியது ஜப்பான்காரன் இல்லை. நம் ஆட்கள்தான், நம்முடைய கூலி லைன் வீட்டுக்காரர்கள்தான். பனையின் உச்சிக்குள் இருக்கிற குருத்தைக் கறி வைக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறான். குருத்தை எடுத்தால் பனை அதோடு சரி, மறுபடி தழைக்காது. பசித்தவனுக்கு அதைச் சொல்லி என்ன பயன்? நான் ஓடிப் போவதற்குள் விழுந்துவிட்டது. எனக்கும் இலையில் ஒரு பங்கு வந்தது, வேண்டாம் என்று சொல்லும் வயிறு எனக்கும் இல்லை. அதற்கும் ஒரு சூலம் நட்டிருக்கலாமே என்று கேட்பாய். என்னிடம் முள்கரண்டி ஒன்றுதான் இருந்தது.

பெண் மரம் நிற்கிறது. காய் பழுத்துவிட்டது. ஒவ்வொன்றும் யானைத் தலை அளவு என்று எழுத வந்தேன், உன் முகம் ஞாபகம் வந்தது. தேங்காயில் பாதி இருக்கும்.

ஏணி விஷயத்தில் நீ சொன்னது சரி. நான் பிடித்தேன், மாப்பிள்ளை ஏறினார். ஆண் மரம் முன்னாலேயே பூத்துவிட்டது என்று அதன் தூளை எடுத்து, ஈரம் படாமல் இருக்க வறுத்த அரிசியோடு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். வீட்டில் கஞ்சிக்கு இல்லாத அரிசி. அன்று காலை பாளை வெடித்தது. ஒவ்வொரு பூவாகத் தடவினார். இறங்கி வந்து பிரஷ்ஷை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினார், வாசலில் லோரி நின்றது. காய் அத்தனையும் அவர் கைபட்டது, தனம். அதனால்தான் உனக்கு அனுப்புகிறேன்.

கௌஸ் பாயிடம் சாக்கில் கொட்டைகள் வருகின்றன. காயவைத்து எடுத்துவைக்கிற விதை இல்லை இது. காய்ந்தால் செத்துவிடும், உடனே மண்ணுக்குப் போகவேண்டும். இங்கே போட இடமில்லை, எங்கு பார்த்தாலும் மரவள்ளி, எங்கு பார்த்தாலும் கோடாரி. இந்த ஜோடி வந்த வடக்குச் சுண்ணாம்புக் குன்றை ரயில் பாதைக்கு ஜல்லி உடைத்தே தீர்த்துவிட்டார்கள். மாப்பிள்ளை அடிக்கடி சொல்வார்: “மாமா, ஒரே இடத்துல வச்சா ஒரே கையால போயிடும். நாலு ஊர்ல நாலு நிக்கணும்.” துரைக்கே அதைச் சொல்லிக்கொடுத்தது அவர்தான் என்று வைத்துக்கொள்.

உன் வீட்டுப் பின்னால் மணல் குவித்து, நம் ஊரில் பனங்கொட்டை புதைப்பது போலவே புதைத்துவிடு. உன் மாமியார் பனங்காட்டு மனுஷி. தெரியாவிட்டால் அவரைக் கேள்.

சயாமிலிருந்து ஒருவன் ஓடி வந்திருக்கிறான். மாப்பிள்ளையைப் பார்த்தானாம். சதை பிடித்திருக்கிறாராம்.

மாமன் ரெங்கசாமி


கிள்ளான்
11 பிப்ரவரி 1944

மாமாவுக்கு,

கொட்டைகளைப் புதைத்துவிட்டேன். உங்களுக்காக இல்லை.

சாக்கைக் கண்டதும் கால்வாயில் கொட்டிவிடத்தான் தூக்கினேன். அவர் கைபட்டது என்று எழுதியிருந்தீர்களே. எடுத்து முகர்ந்து பார்த்தேன். பழ வாசனைதான் வந்தது. பிறகு மணல் அள்ளி வந்தேன். சந்திரகலா குழியில் ஒவ்வொன்றாக வைத்தாள். யாருக்கும்மா இது என்று கேட்டாள். அப்பா கேட்டது என்றேன்.

அத்தையிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மரத்தின் பேச்சை எடுத்தால் அவர் மகனைப் பற்றித் தொடங்குவார், பிறகு இரண்டு பேரும் வேலை செய்ய முடியாது. அவர் வந்து குழியைப் பார்த்தார். இவ்வளவு நெருக்கமாகவா வைப்பது என்று மட்டும் கேட்டுவிட்டு, தானே தள்ளித் தள்ளி வைத்து மூடினார்.

சதை பிடித்திருக்கிறார் என்று எழுதினீர்கள். எப்போதுமே ஒல்லியாக இருந்தவர். இருந்தாலும் அந்த வரியை அத்தைக்குப் படித்துக் காட்டினேன்.

தனலெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
20 ஜூலை 2604

மருமகளுக்கு,

முளை விட்டதா? முதலில் மேலே ஒன்றும் தெரியாது. கொட்டை ஒரு வேரைக் கீழே இறக்கி, ஆழத்தில் கிழங்கு கட்டி, அதற்கப்புறம்தான் புல் மாதிரி ஒரே ஒரு ஓலை வெளியே வரும். களை என்று பிடுங்கிவிடாதே.

தோட்டத்தில் பாதிப் பனைகள் போய்விட்டன. போனவற்றின் ஈயத் தகடுகளைப் பொறுக்கி வைத்திருக்கிறேன். எந்த மரம் எந்தத் தேசத்துக்காரன் என்று மாப்பிள்ளை எண் அடித்துக் கட்டியவை. எண் எனக்குத் தெரியும், மற்ற எழுத்தெல்லாம் இங்கிலீஷ். ஆனாலும் பார்த்தவுடன் எந்த மரம் என்று சொல்லிவிடுவேன், துரையே அசந்து போவார். மலைப்பனையின் தகடுகளில் ஒன்று உனக்கு வருகிறது. முதல் கன்றுக்குக் கட்டு. சண்டை முடிந்ததும் நானே வந்து, உன் கன்றுகளில் நாலை எடுத்து நாலு ஊரில் நடுவேன். பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா. நாலாவதை லண்டனுக்குக் கேட்டிருக்கிறார்கள்.

முனீஸ்வரனுக்கு இப்போது வெள்ளிக்கிழமை பூசை நடக்கிறது. தேங்காய் கிடைக்காததால் மரவள்ளியை உடைக்கிறார்கள்.

மாமன் ரெங்கசாமி


கிள்ளான்
3 அக்டோபர் 1944

மாமாவுக்கு,

தகட்டைத் திருப்பி அனுப்புகிறேன். கட்டுவதற்குக் கன்று இல்லை.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். போன மாதம் சந்திரகலாவுக்குக் காய்ச்சல். உடம்பில் தண்ணீர் இறங்கி, கால் வீங்கி, வாய் திறந்து பேசவில்லை. மரவள்ளியைக் கொடுத்தால் கக்கினாள். நான் விறகு வெட்டும் வேலைக்குப் போகாவிட்டால் அதுவும் இல்லை. அத்தையிடம் பிள்ளையை விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது வீட்டில் அவித்த கிழங்கு வாசனை. பிள்ளை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நாரை இழுத்து இழுத்து மென்றுகொண்டிருந்தாள். “அம்மா, பாட்டி கிழங்கு தோண்டுனாங்க” என்றாள். எத்தனை நாளுக்குப் பிறகு அவள் குரலைக் கேட்டேன்.

மணல் முழுவதும் கிளறிக் கிடந்தது.

அத்தையின் ஊரில் பனங்கொட்டையை எதற்குப் புதைப்பார்கள், மாமா? கிழங்குக்குத்தானே. புதைத்த அன்றே அவர் பேரப்பிள்ளைக்கு என்றுதான் நினைத்திருக்கிறார். முற்றிவிடும், நார் ஓடிவிடும், இந்தப் பெண்ணுக்குத் தோண்டக்கூடத் தெரியவில்லை என்று காத்திருந்து பார்த்திருக்கிறார். கிழங்கை அவித்து, பிளந்த கொட்டைக்குள் இருந்த தவுணையும் எனக்காக இலையில் எடுத்து வைத்திருந்தார். “ஒங்க மாமன் நல்ல காரியம் பண்ணாரு. புத்திசாலி மனுசன்” என்றார். நீங்கள் அவரைக் கேள் என்றீர்கள். நான் கேட்கவில்லை. சொல்லவும் இல்லை.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அதைத்தான் கொடுத்தோம். அவளுக்கு அது வயிற்றில் தங்கியது. மிச்சமிருந்த ஒன்றிரண்டை எடுத்து வைக்கலாம் என்று கையில் எடுத்தேன். பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள். அதையும் அவித்தேன். அப்போது எனக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் செய்தேன்.

இப்போது நடக்கிறாள். உங்களிடம் மன்னிப்புக் கேட்கலாம். அவரிடம் என்ன சொல்வேன்?

தனலெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
19 அக்டோபர் 2604

தனம்,

உன் கடிதத்தைக் கௌஸ் பாய் முன்னாலேயே பிரித்துப் படித்தேன். என்ன சேதி என்று கேட்டார். பிள்ளை பிழைத்துக்கொண்டாள் என்றேன். அல்ஹம்துலில்லா என்றார்.

குருத்தைத் தின்ற வாய் இது, உன் மாமியாரை நான் என்ன சொல்வேன்? அப்பன் ஏணியில் ஏறி உண்டாக்கிய காய், மகள் வயிற்றுக்குப் போயிருக்கிறது. மாப்பிள்ளை வந்ததும் நானே பேசிக்கொள்கிறேன். இந்த ரெங்கசாமி ஜப்பான் ராணுவத்தையே பேச்சில் மடக்கியவன், சொந்த மாப்பிள்ளையை மடக்கமாட்டேனா? கோபித்தால் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துவிடுவேன்.

பெண் மரம் நிற்கிறது. ஆண் துணை இல்லை, ஆனாலும் நிற்கிறது.

மாமன்


பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
14 நவம்பர் 1945

தனலெட்சுமிக்கு,

பழனியப்பன் என்று ஒருவர் சயாமிலிருந்து திரும்பியிருக்கிறார். மாப்பிள்ளையோடு ஒரே லோரியில் போனவர். ஒரே கொட்டகையில் இருந்தவர். நேற்று அவரைப் போய்ப் பார்த்தேன்.

நாகையா இறந்துவிட்டார். காலரா. நாற்பத்து மூன்று ஆகஸ்டு, மழை நாளில். கல் உடைக்கிற வேலையில் இருந்தார். ஒரே நாளில் முடிந்துவிட்டது. அன்று இறந்தவர்களோடு சேர்த்து எரித்தார்கள். பழனியப்பன் பக்கத்தில் இருந்தார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன் என்றார்.

நான் வந்து சொல்ல வேண்டும். கால் வரவில்லை.

ரெங்கசாமி


கிள்ளான்
2 டிசம்பர் 1945

மாமாவுக்கு,

மூன்றாவது வரிக்குப் போகுமுன்பே தெரிந்துவிட்டது. லோரி வெறும் லோரியாக இருந்தது, கொட்டகை வெறும் கொட்டகையாக இருந்தது. உங்கள் கடிதத்தில் அப்படி நான் பார்த்ததே இல்லை.

சமையல்காரன் இல்லாமல் எழுதுங்கள் என்று நான்தான் கேட்டேன். எழுதிவிட்டீர்கள்.

நாற்பத்து மூன்று ஆகஸ்டு. சூலம் நட்ட கதையை நீங்கள் எழுதிய மாதம். காய் பழுக்கும்போது அவர் இல்லை. கொட்டையை நான் முகர்ந்து பார்த்தபோது இல்லை. சதை பிடித்திருக்கிறார் என்று அத்தைக்குப் படித்துக் காட்டியபோது இல்லை. அத்தை அதற்கப்புறம் மூன்று வேளை நன்றாகச் சாப்பிட்டார், மாமா. அந்தப் பொய்க்காக உங்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வரும் என்று பார்த்தேன்.

மரத்தின்மேலும் வரவில்லை. அவர் அதற்காக இருந்துவிட்டார். அதில் வந்தது எங்கள் பிள்ளையைக் காப்பாற்றியது. இது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை, ஆற்றிக்கொள்ளவும் முடியவில்லை.

ஒன்று கேட்கிறேன். சந்திரகலா எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். அப்பா செத்துவிட்டார் என்று நான் சொல்லிவிட்டேன். அது என் வேலை. அங்கே அவர் எப்படி இருந்தார் என்று கேட்கிறாள். உங்களுடைய அந்தக் கடிதத்தை அவளிடம் கொடுக்கமாட்டேன். வேறொன்று எழுதுங்கள். உங்கள் வழக்கப்படி எழுதுங்கள். புலி வரட்டும்.

தனம்


பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
23 டிசம்பர் 1945

பேத்தி சந்திரகலாவுக்கு,

உன் அப்பா சயாமில் இருந்தபோது ஒரு நாள் புலி வந்தது. சாதாரணப் புலி இல்லை, நம் பிரிக்பீல்ட்ஸ் ரயில் கொட்டகை நீளம். எல்லோரும் ஓடினார்கள். உன் அப்பா ஓடவில்லை, ஏனென்றால் அவர் ஒரு பனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பனையைப் பார்க்கும்போது அவருக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று தெரியாது, உன் அம்மாவைக் கேள். புலி கொஞ்ச நேரம் நின்றது. அதுவும் அண்ணாந்து பார்த்தது. பிறகு மரியாதையாகப் போய்விட்டது. யானைகள் கல் சுமந்து வந்தால் உன் அப்பாவிடம் வழி கேட்டுத்தான் போகும். மழை பெய்தால் அவர் ஒரு ஓலையை மடக்குவார், அதற்குள் நூறு பேர் நனையாமல் நிற்பார்கள். அந்த ஊரில் சுண்ணாம்புக் குன்றுகள் உண்டு. அவற்றில் ஒன்றின் உச்சியில் ஒரு ஆண் மலைப்பனை நிற்பதை அவர் ஒருவர்தான் கண்டுபிடித்தார். கீழே இருந்து பார்த்தே பாளை எப்போது வெடிக்கும் என்று சொல்லிவிட்டார்.

மிச்சத்தை நீ பெரியவளானதும் எழுதுகிறேன்.

தனம், இது உனக்கு. பெண் மரம் மறுபடி பாளை விட்டிருக்கிறது. இன்று காலை வெடித்தது. இந்த மாநிலத்தில், இந்தத் தேசத்தில், எனக்குத் தெரிந்து வேறெங்கும் இதற்கு ஜோடி கிடையாது. இருந்தாலும் ஏணியை எடுத்துக்கொண்டு போனேன். பிடிக்க ஆளில்லை. மரத்தில் சாய்த்து வைத்து நானே ஏறினேன். நீ நம்பமாட்டாய், இது நிஜம். தலை சுற்றியது, மட்டையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை கொடுத்துவிட்டுப் போன பிரஷ்ஷை எடுத்து, அவர் செய்தது போலவே ஒவ்வொரு பூவாக, ஒன்றும் விடாமல் தடவிவிட்டு இறங்கி வந்தேன்.

பிரஷ்ஷில் ஒன்றும் இல்லை.

மாமன் ரெங்கசாமி